இயந்திரம் பிரித்துப் பூட்டிய பிறகும் கார் சூடாகிறதா?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கிள்ளானிலிருந்து ஈப்போவுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம் தாப்பாவைத் தாண்டவில்லை. கேஸ்கட் மாற்றிப் பட்டறையிலிருந்து எடுத்து வந்து மூன்றே நாளான கார். வெப்பமானியின் ஊசி மெல்ல மேலேறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அடுத்த ஓய்விடம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தார் கணவர். "இப்பவே நிறுத்துங்க" என்று பிடிவாதமாக நின்றார் மனைவி. கார் அவசரத் தடத்தில் நின்றது. அந்தப் பிடிவாதம் எவ்வளவு பெரிய செலவை மிச்சப்படுத்தியது என்பது கலந்துரையாடலின் முடிவில்தான் தெரிந்தது.

"1,800 ரிங்கிட் கொடுத்தேன், ஐயா. திரும்பப் போய்க் கேட்டால், மறுபடியும் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். பட்டறை ஏமாற்றுகிறதா, என் கார்தான் சரியில்லையா?" என்று கேட்டார் அந்தக் கார் உரிமையாளர்.

முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்திவரும் பெரியவர் பொறுமையாகப் பதில் சொன்னார். "தம்பி, ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள் பல இருக்கின்றன. எல்லாம் செலவு குறைந்தவை. அவற்றைச் செய்யாமல் கழற்று என்று சொன்னால் யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்."

முதல் சந்தேகம் காற்றின் மேல்

இயந்திரத்தைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் கூலன்ட் முழுதும் வெளியேறிவிடும். பூட்டிய பிறகு ரேடியேட்டரின் வாய் வரை ஊற்றி நிரப்பினாலும், ஹெட்டின் மேல்பகுதியிலும் குழாய் வளைவுகளிலும் காற்று தங்கிவிடுவதுண்டு. காற்று சூட்டைக் கடத்தாது. அது நிற்கும் இடத்தில் நீர் ஓட்டம் தடைப்பட்டு உலோகம் கொதிக்கத் தொடங்கும். பழுதுபார்த்த சில நாள்களில் கார் சூடானால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காற்றை வெளியேற்ற அவசரப்படக்கூடாது. இயந்திரம் முழுவதும் ஆறியிருக்கும்போது, காரின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இயந்திரத்தை ஓட விட வேண்டும். குமிழிகள் வர வர மட்டம் இறங்கும். மெதுவாக நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று போக்கும் திருகு உள்ள கார்களில் அதையும் தளர்த்த வேண்டும். மேல் ரப்பர் குழாய் சூடாகி, குமிழிகள் நின்ற பிறகு மூடியை மாட்டி, விசிறி இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் கார் ஆறிய நிலையில் மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

எப்போது சூடாகிறது?

"எப்போது ஊசி ஏறுகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்" என்றார் பெரியவர்.

கோலாலம்பூர் நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாகப் போனால் இறங்குகிறது என்றால் விசிறியைப் பார்க்க வேண்டும். இயந்திர வேலையின்போது கழற்றிய மின்இணைப்பைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம். மாறாக, நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் சூடானால் நீர் ஓட்டம் போதவில்லை என்று பொருள். ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த நீர்ப் பம்பு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டேட் ஆகியவை காரணமாகலாம்.

தெர்மோஸ்டேட் என்பது பெரும்பாலான கார்களில் 80 பாகை செல்சியசைத் தாண்டியதும் திறக்கும் ஒரு சிறிய கதவு. இயந்திரம் கொதிக்கும்போதும் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் குளிர்ந்தே இருந்தால், அது திறக்கவில்லை அல்லது காற்று அடைத்திருக்கிறது. நம் நாடு வெப்ப நாடு என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உண்டு. அது தவறு. இயந்திரம் உரிய வெப்பத்துக்கு வராமல் எண்ணெய்ச் செலவு கூடும். சில இயந்திரங்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு அதிகமாகவும் செய்யும்.

சின்ன மூடி, பெரிய வேலை

சாதாரண நீர் 100 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை ஏறக்குறைய 120 பாகைக்கு உயர்கிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். புதிய மூடி வாங்கும்போது பழையதில் எழுதியுள்ள அழுத்த எண்ணையே பார்த்து வாங்க வேண்டும். வெறும் குழாய்நீர் ஊற்றுவதும் வேண்டாம். கூலன்ட்டின் முக்கிய வேலை உள்ளே துருப்பிடிக்காமல் காப்பது.

மட்டம் குறைந்துகொண்டே வந்து, வெளியே ஒழுகல் தெரியாவிட்டால், ஆறிய இயந்திரத்தில் அழுத்தப் பம்பு பொருத்திச் சோதிக்கலாம். மூடியில் உள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது.

கேஸ்கட்டா என்று எப்படி அறிவது?

காலையில் இயக்கிய உடனே ரப்பர் குழாய்கள் கல் போல் இறுகுவது, ரேடியேட்டரில் குமிழி நிற்காமல் வருவது, வெள்ளைப் புகை நீடிப்பது, எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாவது ஆகியவை அடையாளங்கள். உறுதிப்படுத்த நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டரின் வாயில் வரும் ஆவியை அந்தத் திரவத்தின் வழியே இழுப்பார்கள். பெட்ரோல் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும்.

மாறினால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். பல கார்களில் ஹெட் அலுமினியம், அடிக்கட்டை இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால்தான் அளவு மீறிச் சூடான ஹெட் வளைகிறது. வளைவைச் சீவிச் சமப்படுத்தாமல் புதிய கேஸ்கட் மட்டும் வைத்தால் நிற்காது. போல்ட்டுகளையும் உரிய வரிசையில், உரிய முறுக்கத்தில் இறுக்க வேண்டும்.

ஊசி ஏறினால்

உடனே குளிர்சாதனத்தை நிறுத்தி, பாதுகாப்பாக ஓரங்கட்டி, இயந்திரத்தை அணைக்க வேண்டும். நெடுஞ்சாலை என்றால் பிள்ளைகளை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. பீறிடும் கொதிநீர் முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். குளிர்ந்த நீரை இயந்திரத்தின் மேல் ஊற்றுவதும் ஆபத்து. சிவப்பில் இருந்த ஊசி திடீரென்று கீழே விழுந்தால் மகிழ வேண்டாம். நீர் முழுதும் போய், உணர்கருவி காற்றில் நிற்பதாலும் அப்படிக் காட்டும்.

பட்டறையிடம் கேட்க வேண்டியவை

பழைய பாகங்களையும், செய்த வேலைகளை எழுதிய ரசீதையும் கேட்டு வாங்குவது வாடிக்கையாளர் பொறுப்பு. சேவையை நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்ய வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பேச்சில் தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை அணுகலாம். அங்கே பேசுவது ரசீதுதான்.

நிறைவாக அந்தக் கார் உரிமையாளரிடம், "ஆறிய பிறகு எவ்வளவு நீர் பிடித்தது?" என்று கேட்டார் பெரியவர். "ஒன்றரை லிட்டர்" என்று பதில் வந்தது. வெளியே ஒழுகலே இல்லை. காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு இரண்டு முறை திரவச் சோதனை செய்தார்கள். இரண்டு முறையும் நீலம் நீலமாகவே இருந்தது. காற்றை வெளியேற்றாமல் அனுப்பியது பட்டறையின் குறை. "ஆனால் அன்றைக்கு நீங்கள் ஓய்விடம் வரை ஓட்டியிருந்தால், ஹெட் வளைந்து உண்மையிலேயே கழற்ற வேண்டி வந்திருக்கும். அப்புறம் யார் குறை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது" என்றார் பெரியவர்.

வீட்டுக்குப் போனதும் மனைவிக்கு நன்றி சொல்லப் போவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார் கார் உரிமையாளர்.