தூளியின் தாளம்

ஒரு நூல் சேலை, ஒரு கொக்கி, ஒரு முடிச்சு. தூளி என்பது இவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம், வேலை முடிந்தால் துவைத்து மடித்து வைத்துவிடலாம். சில ஊர்களில் இதை ஏணை என்பார்கள், இலங்கையிலும் ஏணைதான். அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு மூன்று சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைப்போல உழைக்கிற கருவி வேறு இல்லை.

தூளிக்குச் சேலை தேர்ந்தெடுப்பதில் பாட்டிகள் மகா கறார். பலமுறை துவைத்து மெத்தென்று ஆகியிருக்க வேண்டும், ஆனால் இற்றுப்போயிருக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பார்கள். ஓரிடத்தில் இழை விலகியிருந்தாலும் அந்தச் சேலை கரித்துணிக்குப் போய்விடும். நைலானும் பாலியெஸ்டரும் ஆகாது. முடிச்சில் வழுக்கும், காற்றும் புகாது.

சேலையின் நீளத்திலேயே தூளியின் அளவு ஒளிந்திருக்கிறது. சாதாரணச் சேலை சுமார் 5.5 மீட்டர். கொக்கியில் மாட்டி இரு முனைகளையும் சேர்த்து முடிந்தால், முடிச்சுக்குப் போனது போக 5 மீட்டர் சுற்றளவுள்ள வளையம் கிடைக்கும். அது தொங்கும்போது கொக்கியிலிருந்து அடிமடிப்பு வரை 2.5 மீட்டர். கூரை 10 அடி உயரம், அதாவது 3 மீட்டர் என்றால், தூளியின் அடி தரையிலிருந்து அரை மீட்டரில் நிற்கும். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு அது வாகான உயரம். கட்டியவுடன் பிள்ளையைப் போடும் வழக்கம் கிடையாது. பாட்டி இரண்டு கைகளையும் மடிப்பில் ஊன்றித் தன் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்துவார். முடிச்சு ‘நறுக்’கென்று ஒரு சத்தத்தோடு இறுகும். அதன்பிறகு இருபக்கத் துணியும் முகத்தில் படியாதபடி நடுவே தொட்டில் கம்பைச் செருகுவார்.

இப்படித் தொங்குகிற தூளி இயற்பியல் பாடத்தில் வரும் தனி ஊசலேதான். ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அதன் நீளம் முடிவு செய்கிறது. தொங்குகிற எடைக்கு அதில் பங்கில்லை. மெதுவாகத் தள்ளினாலும் சற்று வேகமாகத் தள்ளினாலும் நேரம் ஏறக்குறைய அதேதான். 1602இல் கலிலியோ தன் கடிதம் ஒன்றில் இதை எழுதினார். ஹைகன்ஸ் 1656இல் இதை வைத்தே ஊசல் கடிகாரம் செய்தார். நம் வீட்டுத் தூளிக்குக் கணக்குப் போட்டால், ஓர் ஆட்டத்துக்கு மூன்று விநாடிக்குச் சற்று மேல் வருகிறது.

பல பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்த ஒரு குணம் எவ்வளவு பெரிய உபகாரம்! தாளத்தைத் தூளியே வைத்துக்கொள்வதால், ஆட்டும் கை யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. பாட்டி ஆட்டினாலும், கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பா காலால் உந்தினாலும், சமையலறையிலிருந்தபடி கயிறு கட்டி அம்மா இழுத்தாலும், உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது அதே மூன்று விநாடி. நாலு வயது அக்காவிடம் தம்பியை நம்பி ஒப்படைக்க முடிவதும் இதனால்தான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.

அந்த அக்காவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதல் நாள், தூளி தன்னை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளுவாள். அது நின்றுபோகும், அல்லது அவள் நெற்றியில் வந்து முட்டும். இரண்டு நாளில் தானாகவே தூளி அருகே வந்து ஒரு கணம் தயங்கித் திரும்பும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். அங்கே ஒரு விரலால் தொட்டாலே போதும். ஒத்ததிர்வு என்று பதினொன்றாம் வகுப்பில் படிக்கப்போகிறதை அவள் விரல் நுனியில் கற்றுக்கொண்டாகிவிட்டது. எங்கள் வீட்டு அக்காவுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான். தம்பி கண் அயர்ந்ததும் வெற்றிக் களிப்பில் “அம்மா! பாப்பா தூங்கிட்டான்!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆட்ட வேண்டும்.

நடுப்பிள்ளையின் பாடு வேறு. அவனுக்குத் தூளியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, துணியில் தெரியும் தம்பியின் முதுகைக் காலால் தொட்டுப் பார்க்கப் பிடிக்கும். நூல் துணியில் காற்று மட்டுமா புகும்? திடீரென்று மேலிருந்து சொட்ட ஆரம்பித்ததும் அவன் எழுந்து ஓடிய ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது. அதற்குப் பிறகும் அவன் அந்த இடத்தை விடவில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டைக் குடையாகப் பிடித்துக்கொண்டு படுத்தான்.

சரி, ஆட்டினால் ஏன் தூக்கம் வருகிறது? நம் உள்காதில் இரண்டு விதமான உணர்கருவிகள் இருக்கின்றன. அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. பக்கத்திலேயே கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய செவிக்கற்கள் ஒரு கூழ்ப்படலத்தின்மேல் அமர்ந்து, முன்பின் அசைவையும் புவியீர்ப்பையும் அறிகின்றன. 2019இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 இளைஞர்களை, நான்கு விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஆடும் கட்டிலில் இரவு முழுவதும் தூங்கவைத்தார்கள். ஆடாத கட்டிலில் தூங்கியபோது இருந்ததைவிடச் சீக்கிரம் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனார்கள். அதே சமயத்தில் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், செவிக்கற்கள் வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டத்தால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. ஆக, தாலாட்டின் பாதி வேலை காதுக்குள் இருக்கும் இந்தக் கற்களிடம் நடக்கிறது. ஜெனீவாக் கட்டிலை ஆட்டியது இயந்திரம். அந்த நான்கு விநாடி ஆட்டம் தூளியில் தானாக வர வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 4 மீட்டர் நீளம் தேவை. வயல்வேலைக்குப் போகிறவர்கள் வேப்பமரத்தின் உயரமான கிளையிலிருந்து கயிறு விட்டுத் தூளி கட்டுவார்களே, அதில் அந்த நிதானம் கிடைத்துவிடும்.

பச்சைக் குழந்தைகளுக்குத் தூளி இன்னொரு உதவியும் செய்கிறது. தூக்கத்தில் திடுக்கிட்டு இரு கைகளையும் விரித்து அலறுவது பிறந்த குழந்தைகளின் இயல்பு. 1918இல் எர்ன்ஸ்ட் மோரோ என்ற மருத்துவர் இதை விவரித்ததால் மோரோ அனிச்சைச் செயல் என்று பெயர். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். தூளித் துணி இருபுறமும் அணைத்திருப்பதால் கை விரிந்து தூக்கம் கலைவது குறைகிறது.

தோளில் தூங்கிய பிள்ளையை இறக்கி வைத்ததும் விழித்துக்கொள்வது எல்லா வீட்டிலும் நடக்கும் சோகம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 21 குழந்தைகளின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்து இதை ஆராய்ந்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவு இது: குழந்தை உஷாராவது முதுகு படுக்கையில் படும்போது அல்ல, தாயின் உடம்பிலிருந்து விலகத் தொடங்கும்போதே. அவர்கள் சொன்ன வழி, அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடப்பது. தூங்கியபின் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் அணைத்தபடி உட்கார்ந்திருந்து, அப்புறம் படுக்கவைப்பது. அந்த எட்டு நிமிடம் அக்காவும் அண்ணனும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டு நிற்கும் நேரம் என்பதைப் பல பிள்ளை பெற்றவர்கள் அறிவார்கள்.

தூளியின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதன் ஆபத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. மூச்சு தடையின்றிப் போக, குழந்தை மல்லாந்து, தட்டையான, கெட்டியான படுக்கையில் தூங்குவதே நல்லது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தூளியின் வளைவில் முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மெல்லிய மூச்சுக்குழல் நெருங்கிப்போகும். எனவே ஆட்டித் தூங்கவைப்பதற்குத் தூளி. இரவெல்லாம் தூங்குவதற்குக் கெட்டியான தரைப்படுக்கை. தூளியில் இருக்கும்வரை அருகில் பெரியவர் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை தானாகக் குப்புற விழவோ, துணியைப் பிடித்து எழவோ ஆரம்பித்துவிட்டால் தூளியின் காலம் முடிந்தது.

பெரிய பிள்ளைகளுக்கு அது இன்னும் ஆபத்து. தம்பி இல்லாத நேரம் பார்த்து அண்ணன் “நானும் பாப்பா” என்று ஏறிப் படுப்பது பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவன் எடை மூன்று மடங்கு. 60 பாகைக்கு வீசி ஆட்டினால், கீழே வரும் கணத்தில் கொக்கியின் மேல் அவன் எடையைப்போல இரண்டு மடங்கு இழுவிசை விழும். துணியை முறுக்கிச் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகிப் பிள்ளைகள் இறந்த செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய சாவு. வெறும் தூளியை ஆட்டினால் பாப்பாவுக்கு வயிறு வலிக்கும் என்று பெரியவர்கள் மிரட்டி வைத்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

பாப்பாவைத் தரையில் மாற்றியதும் சேலையைச் சுருட்டி, பிள்ளைகள் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாதபடி மேலே செருகிவிடுங்கள். ஆட ஆசைப்படுகிற அண்ணனுக்கும் அக்காவுக்கும் பலகை ஊஞ்சல் ஒன்று தனிக் கொக்கியில் தாழ்வாகக் கட்டிக் கொடுங்கள். யார் முதலில் என்ற சண்டை அன்றைக்கே தொடங்கிவிடும்.