மட்டக்குதிரைக்கு அரிப்பெடுத்தால் என்னவெல்லாம் நடக்கும், தெரியுமா?

குதிரையின் முதுகில் ஒரே ஒரு ஈ வந்து உட்காரட்டும். அந்த இடத்துத் தோல் மட்டும் சட்டென்று துடித்து ஈயை உதறிவிடும்! பார்த்திருக்கிறீர்களா? தோலுக்கு அடியிலேயே ஒரு மெல்லிய தசை விரிந்து கிடக்கிறது. அது செய்கிற வேலை இது. நமக்கு வாய்க்காத வரம். ஆனால் அந்தத் தசை உடலின் பின்பகுதி வரை போவதில்லை. அங்கே காவலுக்கு வால் இருக்கிறது. தசையும் வாலும் எட்டாத இடத்துக்குப் பல். பல்லும் எட்டாவிட்டால்? வேலிக் கம்பம், மரம், லாயத்துக் கதவு... பக்கத்தில் நின்றால் சொந்தக்காரரின் தோள்!

இத்தனை ஏற்பாட்டையும் தோற்கடிக்கிற எதிரியின் நீளம் எவ்வளவு தெரியுமா? வெறும் 1 முதல் 3 மில்லிமீட்டர்! பிரிட்டனில் ‘மிட்ஜ்’ என்று சொல்லி எல்லோரும் திட்டுகிற குட்டி ஈ. கால்நடை மருத்துவர்கள் கியூலிகாய்டஸ் என்பார்கள். நம் ஊர்ச் செம்மறி ஆடுகளுக்கு மழைக்காலத்தில் நீலநாக்கு நோயைச் சுமந்து வருவதும் இதே பேரினத்துப் பூச்சிதான். அதிலும் ஆண் பரம சாது; இரத்தம் குடிப்பது முட்டையிட வேண்டிய பெண் மட்டுமே. குடிக்கும்போது துளியூண்டு எச்சிலையும் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்கள் சில குதிரைகளுக்கு அடியோடு ஒத்துக்கொள்வதில்லை. ஒவ்வாமை கிளம்பிவிடுகிறது. பிரிட்டனில் இதற்கு ‘ஸ்வீட் இட்ச்’ என்று பெயர். பெரிய பந்தயக் குதிரைகளைவிட ஷெட்லாண்ட், வெல்ஷ் போன்ற மட்டக்குதிரைகள்தான் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன.

மாட்டிய குதிரையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பிடரி மயிர் திட்டுத் திட்டாக உதிர்ந்திருக்கும். வாலின் அடிப்பகுதி, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த பழைய பிரஷ் மாதிரி குட்டை மயிராக விறைத்து நிற்கும். அதை விலக்கினால் பொருக்கு, நீர் கசியும் புண், அதில் மொய்க்க வரும் வேறு ஈக்கள். நாள்பட்டுப்போனால் கழுத்துத் தோல் தடித்து மடிப்பு மடிப்பாகிவிடும். இவ்வளவும் ஒரு சொட்டு எச்சிலால்!

இந்தக் குட்டி ஈயின் குடும்பத்தை ஒரேயடியாகச் சபித்துவிடவும் முடியாது என்பது தெரியுமா? இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில ஈக்கள்தான் கொக்கோ மரத்தின் சின்னஞ்சிறு பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. அந்தக் குடும்பம் பூண்டோடு அழிந்தால் சாக்லேட்டுக்குத் திண்டாட்டம்தான்!

ஐஸ்லாந்துக் கதை இன்னும் விசேஷம். அந்தத் தீவின் குதிரைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வெளிக்கலப்பே இல்லாமல் வாழ்பவை. தீவை விட்டு ஒருமுறை வெளியேறிய குதிரை திரும்ப வரவே முடியாது, சட்டம் அப்படி. குதிரையைக் கடிக்கிற மிட்ஜ் இனங்கள் அங்கே கிடையாது. ஆகவே இந்த அரிப்பும் கிடையாது. ஆனால் அதே குதிரையை வளர்ந்த பிறகு ஜெர்மனிக்கோ டென்மார்க்குக்கோ விற்றால்? மிட்ஜ் மலிந்த இடங்களில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்த குதிரைகளில் பாதிக்கும் மேற்பட்டவை சொறிய ஆரம்பித்துவிடுகின்றன! அதே இனத்தில், ஐரோப்பாவிலேயே பிறந்த குட்டிகளுக்கு வருவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இரத்தம் ஒன்று, இனம் ஒன்று; குட்டிப் பருவத்திலேயே கடி வாங்கிய உடம்பு அதைச் சகித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது, வளர்ந்தபின் முதல் கடி வாங்கும் உடம்புக்கு அது முடிவதில்லை. ஒவ்வாமை ஆராய்ச்சியாளர்களுக்கு இதைவிட நல்ல இயற்கைச் சோதனை எங்கே கிடைக்கும்? ரெய்க்யவிக்கில் உள்ள கெல்துர் ஆய்வுக்கூடமும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகமும் கைகோத்து, ஏற்றுமதிக்கு முன்பே போடத்தக்க தடுப்பூசிக்காக உழைத்து வருகின்றன.

சரி, சொறிகிற குதிரையெல்லாம் மிட்ஜ் கடித்த குதிரையா? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இரத்தத்தைக் கொடு, தோலில் ஊசி போட்டுப் பார் என்று பரிசோதனைகள் இருக்கின்றனதான். ஆனால் அவை மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடுவதில்லை. எங்கே தேய்க்கிறது, எந்த மாதத்தில் தேய்க்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குச் சரியான பதில் தெரிந்தால் பாதிக் காரணம் கையில் அகப்பட்டுவிடும் என்பது என் கட்சி.

பிடரியும் வாலும் கோடையில் மட்டும் அரித்து, குளிர் வந்ததும் தானாக அடங்கினால் மிட்ஜ் மேல் சந்தேகம். நேர்மாறாக, கடுங்குளிரில், ரோமம் அடர்ந்திருக்கும் நேரத்தில் அரித்தால்? பேன்! குதிரைப் பேன் இரண்டு வகை; ஒன்று தோல் செதிலைக் கொறிக்கும், இன்னொன்று இரத்தம் உறிஞ்சும். பிடரி மயிரைப் பிரித்து, வேரருகே நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் ஊர்வது தெரியும். பயப்படாதீர்கள், மனிதர் தலையில் அது குடியேறாது.

வால் மட்டும் அரிக்கிறது, பிடரியில் ஒன்றுமே இல்லை என்றால்? வருடம் முழுவதும் பின்பக்கத்தைச் சுவரில் தேய்க்கிறதென்றால்? வாலைத் தூக்கிப் பாருங்கள்! குடலில் வாழும் ஊசிப்புழுவின் பெண், ஆசனவாய் வரை வந்து, வெளித்தோலில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பசையோடு ஒட்டிவிட்டுப் போகும். அந்தப் பசை காயும்போதுதான் அரிப்பு. வேடிக்கை என்னவென்றால், சாணத்தைப் பரிசோதித்தால் இந்த முட்டை பெரும்பாலும் சிக்காது. ஆய்வுக்கூடத்தால் முடியாததை எது செய்யும் தெரியுமா? ஒரு துண்டு செல்லோடேப்! ஆசனவாய் ஓரத்தில் ஒட்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டைகள் வரிசையாகத் தெரியும்.

இரவில் லாயத்தில் காலை ஓங்கி ஓங்கி உதைக்கிறதா? குளம்பின் மேல் குஞ்சம் குஞ்சமாக ரோமம் தொங்கும் இனமா? அப்படியானால் அந்த ரோமத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இருக்கலாம். அவை தோலின் மேற்செதிலைத் தின்பவை. ஆதலால் வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து அவற்றைச் சரியாக எட்டுவதில்லை. ரோமத்தை மழித்து வெளியே மருந்து பூச வேண்டும். தரையில் பரப்பிய வைக்கோலையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் குதிரையை விட்டு விழுந்தும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் ஜாதி அது. படர்தாமரை வட்டங்கள், மழையில் நனைந்து நனைந்து வரும் பொருக்கு ஆகியவை கண்ணுக்குப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் அவ்வளவாக அரிப்பதில்லை.

வயிற்றின் நடுக்கோடும் முகமும் அரிக்கிற ஒரு கதை பாக்கி இருக்கிறது. சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் அது குதிரை லாயத்தில் தொடங்கி ஆப்பிரிக்காவில் போய் முடிகிறது!

ஆங்கோசெர்கா என்றொரு புழு குதிரையின் பிடரித் தசைநாருக்குள் குடியிருக்கும். அதன் நுண்குஞ்சுகள் தோலில் திரிந்து அரிப்பைக் கிளப்பும். ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கு அதைத் தூக்கிச் செல்வது யார்? அதே மிட்ஜ்தான்! 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி சதோஷி ஓமுரா, கவானா என்ற ஊரில் கோல்ஃப் மைதானத்துக்கு அருகில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழு அதிலிருந்து புழுக்கொல்லியை வடித்தது. அதுதான் ஐவர்மெக்டின். அதைக் குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, தோலில் திரிந்த ஆங்கோசெர்கா நுண்குஞ்சுகள் மாண்டுபோயின. அங்கேதான் பொறி தட்டியது. மனிதரின் கண்ணைக் குருடாக்கும் ‘ஆற்றுக் குருட்டு’ நோய்க்குக் காரணமும் ஓர் ஆங்கோசெர்காதானே? குதிரைக்குக் கேட்கும் மருந்து மனிதருக்குக் கேட்காதா?

1981-இல் செனகல் தலைநகர் டக்காரில் நோயாளிகளுக்கு முதன்முறையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டது! 1987-இல், தேவைப்படும் காலம் வரை இலவசமாகவே தருகிறோம் என்று மெர்க் அறிவித்தது. 2013-இல் கொலம்பியா, அந்த நோயை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் பெற்றது. 2015-இல் ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் நோபல் பரிசு. கோடிக்கணக்கானோர் கண்ணைக் காத்த மருந்துக்கு வழிகாட்டியவற்றில் குதிரையின் தோலுக்கும் பங்கு உண்டு என்றால் நம்ப முடிகிறதா?

மருந்து என்றதும் ஒரு நிமிடம் நிதானம். ஸ்டீராய்டு கொடுத்தால் ஒவ்வாமை அரிப்பு மளமளவென்று அடங்கும், உண்மைதான். ஆனால் கொழுத்த மட்டக்குதிரைக்கு அதனால் குளம்புக்குள் அழற்சி கிளம்பும் அபாயம் உண்டு, நடக்கவே முடியாமல் போய்விடும். ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையும் கூடாது. நம் ஊரில் சொறிசிரங்குக்குப் பூசுகிறோமே பென்சைல் பென்சோயேட், அதைத்தான் பிரிட்டனிலும் மிட்ஜை விரட்டக் குதிரைக்குப் பூசுகிறார்கள்! ஆனால் புண்ணாகாத தோலில் மட்டும். புண்ணில் பட்டால் எரிச்சல் உயிர்போகும். பெர்மெத்ரின் என்ற பூச்சிவிரட்டி நன்றாகவே வேலை செய்யும்; ஆனால் பூனைக்கு அது விஷம். லாயத்தில் எலி பிடிக்கப் பூனை வைத்திருக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

மருந்தைவிடப் பெரிய மருந்து எது தெரியுமா? காற்று! மிட்ஜுக்குப் பறக்கத் திராணி போதாது. மணிக்குப் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வீசினால் அது கீழேயே பதுங்கிவிடும். ஆதலால் குளக்கரை, சகதி, மட்கிய இலைக் குவியல், சாணக் குப்பை ஆகியவற்றுக்கு அருகே கட்டாமல் மேட்டில் காற்றோட்டமாகக் கட்டினாலே பாதிக் கடி குறையும். மாலைக் கருக்கலும் அதிகாலையும்தான் அதன் வேட்டை நேரம். அப்போது லாயத்துக்குள் ஒரு பெரிய மின்விசிறியைச் சுழலவிட்டால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே, காதிலிருந்து வயிற்றையும் வாலையும் மூடுகிற மெல்லிய துணிப் போர்வை. அரிப்பு தொடங்கிய பிறகு அல்ல, பருவத்தின் முதல் மிட்ஜ் பறப்பதற்கு முன்பே போர்த்த வேண்டும். நாள் கடந்தால் போர்வைக்குள்ளேயே சொறிந்து துணியைக் கிழித்துவிடும்.

போர்வையில் வரிக்குதிரைக் கோடு போட்டால்? சிரிக்காதீர்கள், செய்தே பார்த்துவிட்டார்கள்! இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் ஒரே குதிரைக்குக் கறுப்பு, வெள்ளை, கோடு போட்ட போர்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்திக் கவனித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். கோட்டுப் போர்வையில் வந்து உட்கார்ந்த குதிரை ஈக்கள் மிகக் குறைவு. போர்வை மூடாத தலையில் மட்டும் வழக்கம்போல உட்கார்ந்தன. ஈக்கள் பக்கத்தில் வருகின்றன. ஆனால் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் மோதியோ விலகியோ போய்விடுகின்றன! ஜப்பானில் கறுப்புப் பசுக்களுக்கு வெள்ளைக் கோடு தீட்டியபோதும் கடிக்கும் ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆனால் சாமர்செட் சோதனை பெரிய குதிரை ஈக்களைப் பற்றியது. மிட்ஜுக்கும் கோடு போதும் என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

தடுப்பூசி? சூரிக் பல்கலைக்கழகக் குழு ஒன்று புதுவழியில் போகிறது. மிட்ஜின் எச்சிலை விட்டுவிட்டு, குதிரையின் உடம்பிலேயே அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-5 என்ற புரதத்துக்கு எதிராகத் தடுப்பூசி போட்டார்கள். 34 ஐஸ்லாந்துக் குதிரைகளில் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டவற்றில் ஏறத்தாழ பாதிக் குதிரைகளுக்குப் புண்கள் பாதிக்கு மேல் குறைந்தன.

அரிப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றின் கழுத்தடியை மற்றது பல்லால் சுரண்டிக்கொடுக்குமே, அது வெறும் நட்பா? பிரான்சின் கமார்க் குதிரைகளை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, பிடரி முடியும் அந்த மேட்டுப் பகுதியைச் சுரண்டினால் குதிரையின் இதயத்துடிப்பே குறைகிறது என்று காட்டியது. உங்கள் விரலாலும் செய்யலாம். சரியான இடத்தைத் தொட்டுவிட்டால் மேலுதடு நீண்டு துடிக்கும்.

கடைசியாக, மட்டக்குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் இந்த அரிப்பு குளிர்காலத்தில் அடங்கி, பிடரி மயிரும் மறுபடி முளைத்துவிடும். டிசம்பரில் பளபளவென்று நிற்கும் குதிரை ஜூனில் சுவரில் முதுகைத் தேய்க்கும். வயது ஏற ஏற இது குறைவதும் அபூர்வம். குட்டிகளுக்கும் வம்சவழியாக வர வாய்ப்புண்டு. ஆகவே குளிர்காலத்தில் விலை பேசுகிறவர்கள், போன கோடையில் எடுத்த படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூடவே, அலமாரியில் காதுவரை மூடுகிற போர்வை ஏதாவது மடித்து வைத்திருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.