வெள்ளோட்டம்

நுழையும்முன்

தேரோடும் வீதியில் வழங்கிய ‘வெள்ளோட்டம்’ என்னும் சொல், இன்று கப்பலுக்கும் தொடர்வண்டிக்கும் மகிழுந்துக்கும் உரியதாகிவிட்டது. ஊர்தியின் எடை அதன் ஓட்டத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதைத் தேரிலிருந்து தொடங்கி, எடை குறைந்த விளையாட்டு மகிழுந்து வரை சென்று ஆராய்கிறது இக்கட்டுரை.

தேரும் முட்டுக்கட்டையும்

ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முந்தைய நாளில் சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் ஐந்து தேர்கள் உலா வருகின்றன. பிற கோயில்களில் உலாத் திருமேனியே தேரேறும். தில்லையிலோ மூலவராகிய நடராசரே தேரில் எழுந்தருள்கிறார். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கானோர். ஆயினும், தேரின் போக்கை முடிவு செய்வோர் சக்கரத்தருகே குனிந்த நிலையில் நடந்துவரும் சிலரே. அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை.

தேருக்குத் திசைதிருப்பும் கருவி கிடையாது. அதன் அச்சு அசையாதது. கீழவீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்ப வேண்டுமாயின், ஒரு பக்கச் சக்கரத்தின் கீழ்க் கட்டையை இட்டு அதன் வேகத்தைத் தடுத்து, மறுபக்கம் முன்னேறுமாறு செய்ய வேண்டும். நிறுத்துவதற்கும் அதே கட்டைதான். ஒருவர் செய்யும் நற்செயலைத் தடுப்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்று நாம் பழிக்கிறோம். தேரடியில் அக்கட்டையைப் போடுபவரை நம்பியே ஊர் நிற்கிறது. இவ்வகையில் நம் மரபுத்தொடர் அவருக்கு நீதி செய்யவில்லை.

புதிதாகச் செய்யப்பட்ட தேரை, அல்லது பழுதுபார்த்த தேரை, திருமேனியை ஏற்றாமல் முதலில் இழுத்துப் பார்ப்பர். அதுவே வெள்ளோட்டம். அச்சு தாங்குகிறதா, சக்கரம் நேராக உருள்கிறதா, முனையில் திரும்புகையில் மேற்கட்டு எவ்வளவு சாய்கிறது என்பன அப்போது வெளிப்படும். நிலைத்தேர் கூறாத செய்திகளை ஓடும் தேர் கூறிவிடும். திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களுக்குப் பிற்காலத்தில் இரும்பு அச்சும் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் பொருத்தப்பட்டன. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனப் பொறியாளர்கள் அப்பணியில் துணைநின்றனர். பேரெடை கொண்ட ஒன்றை நகர்த்துவது கடினம். நகர்ந்ததை நிறுத்துவது அதனினும் கடினம். இயற்பியல் இதனை நிலைமம் என்கிறது.

எடையைக் களைதல்

நீண்ட காலமாக ‘கனமே வலிமை’ என்னும் எண்ணம் மனிதரிடம் வேரூன்றியிருந்தது. சிதம்பரத்திற்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஓர் இரும்பு உருக்காலை இயங்கியது. இந்தியாவில் புதிய முறையில் இரும்பு உருக்க முயன்ற தொடக்ககால ஆலைகளுள் அதுவும் ஒன்று. அது இரும்பின் நூற்றாண்டு. அடுத்த நூற்றாண்டில் இவ்வெண்ணத்திற்கு எதிர்த்திசையில் நடந்தவர் இங்கிலாந்துப் பொறியாளர் காலின் சாப்மன். லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய அவர், எஞ்சினின் ஆற்றலைக் கூட்டுவதைக் காட்டிலும் ஊர்தியின் எடையைக் குறைப்பதே சிறந்த வழி என்று கருதினார்.

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1996-இல் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்த எலிஸ் என்னும் மகிழுந்து அக்கருத்தின் வடிவம் எனலாம். அதன் எடை ஏறத்தாழ 725 கிலோகிராம். அலுமினியத் துண்டுகளைப் பற்றவைக்காமல் பசைகொண்டு ஒட்டி அதன் அடிச்சட்டத்தை அமைத்தனர். அச்சட்டத்தின் எடை ஏறத்தாழ 68 கிலோகிராம், அதாவது ஒரு மனிதரின் எடை. எஞ்சினின் திறனோ 118 குதிரைத்திறன் மட்டுமே. இருமடங்கு எடையுள்ள மகிழுந்து இதற்கு ஈடாக விரைவு கொள்ள 236 குதிரைத்திறன் வேண்டும்.

சங்க கால உமணர், மேடுபள்ளமான வழியில் உப்பு வண்டியின் அச்சு முறிந்தால் உதவுமெனச் சேம அச்சு ஒன்றை வண்டியின்கீழ்க் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாடலால் அறிகிறோம். நம் ஓட்டுநர்கள் ‘ஸ்டெப்னி’ என அழைக்கும் மாற்றுச் சக்கரம் அதன் வழித்தோன்றலே. எலிஸ் அதையும் இறக்கி வைத்துவிட்டது! நெடுவழிப் பயணிக்கு இது குறை. விரைவை நாடுபவருக்கு இது நிறை.

தமிழகத்துத் தடங்கள்

இக்கலை தமிழகத்திற்குப் புதிதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் மகிழுந்துப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே ஒரு தடம் உருவாயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கோவையைச் சேர்ந்த கரிவரதன், குடும்பங்கள் கடைவீதிக்குச் சென்றுவந்த மாருதி 800-இன் சிறிய எஞ்சினைக் கொண்டு ஒருவர் மட்டும் அமரும் எடை குறைந்த பந்தய ஊர்திகளை வடிவமைத்தார். 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட எளிய எஞ்சின் அது. அயல்நாட்டு ஊர்தி வாங்க இயலாத இளைஞர்க்கும் அதனால் வாயில் திறந்தது. 1995-இல் அவர் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். ஃபார்முலா மாருதி ஊர்தியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

எடை குறைந்தால் ஆபத்தும் குறையுமா?

குறையும் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 725 கிலோகிராம் ஊர்தியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,80,000 ஜூல். இருமடங்கு எடையுள்ள ஊர்திக்கு 5,60,000 ஜூல். இவ்வாற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். எனவே, எடை குறைந்த ஊர்தியின் பிரேக் எளிதில் சூடேறித் தளர்வதில்லை.

ஆனால், நிற்கும் தொலைவைக் கணக்கிடும்போது சமன்பாட்டின் இருபுறமும் நிறை நீங்கிவிடுகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வுக் கெழு 0.8 எனக் கொண்டால், அவ்வேகத்தில் எந்த ஊர்தியும் நிற்க ஏறத்தாழ 49 மீட்டர் வேண்டும். மழையில் அக்கெழு பாதியானால் தொலைவு 98 மீட்டராகும். நடைமுறையில் டயரின் மீதுள்ள சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். எடை குறைந்த ஊர்திக்கு அதனால் கிட்டும் ஆதாயம் உண்மையானது, ஆனால் சிறியது. கண் கண்டதைக் கால் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகுமெனின், அதற்குள் ஊர்தி 28 மீட்டர் கடந்திருக்கும். அந்த ஒரு நொடியின் எடையை எப்பொறியாளராலும் குறைக்க இயலாது.

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியே சிதம்பரம் செல்லும் சாலையை நினைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் நெல் காயும். ஓரிடத்தில் ஆடு குறுக்கிடும். பள்ளி விடும் நேரத்தில் மிதிவண்டிகள் நிறையும். 28-உம் 49-உம் சேர்ந்த 77 மீட்டர் வெற்றிடம் அங்கே எப்போது கிடைக்கும்? தேரோட்டத்தன்று வீதியில் பிற போக்குவரத்தை நிறுத்துகின்றனர். விரைவு ஊர்தியின் வெள்ளோட்டத்தை மூடிய தடத்தில் நடத்துவதும் அதே காரணத்தால்தான்.

தடத்தில் ஓட்டிப் பார்த்தல்

தலைக்கவசம் அணிந்து, பட்டைகளால் இருக்கையோடு பிணைக்கப்பட்டு, ஓட்டுநர் முதற்சுற்றை மெதுவாகவே ஓட்டுவார். டயர் வெப்பமடையும் வரை அதன் பிடிப்பு முழுமை பெறாது. பிறகு நேர்த்தடத்தில் பிரேக்கை அழுத்தி, ஊர்தி ஒருபுறம் இழுக்கிறதா எனப் பார்ப்பார். எலிஸ் போன்ற ஊர்திகளில் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் துணைவிசை இல்லை. ஆகவே, சாலையின் சொரசொரப்பும் டயர் நழுவத் தொடங்கும் நொடியும் நேரே உள்ளங்கைக்கு வந்துசேர்கின்றன.

வளைவில்தான் உண்மையான சோதனை. பிரேக்கை அழுத்தும்போது ஊர்தியின் சுமை முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. முன்டயர்கள் சாலையை இறுகப் பற்றுகின்றன. பின்டயர்களின் பிடி தளர்கிறது. எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் அமைந்த ஊர்தியில், வளைவின் நடுவே அஞ்சி முடுக்கியிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், பின்புறம் வெளியே வீசப்பட்டு ஊர்தி பம்பரம்போல் சுழலக்கூடும். கனத்த ஊர்தி இதனைத் தயங்கித் தயங்கிச் செய்யும். எடை குறைந்த ஊர்தியோ ஓட்டுநர் இட்ட ஆணையை அக்கணமே நிறைவேற்றும், அது தவறான ஆணையாயினும். இதனால் பழகுநர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் காலைச் சீராக வைக்கக் கற்கின்றனர்.

சுற்றுகள் முடிந்து ஊர்தி திரும்பியதும் பொறியாளர் டயரின் உள்விளிம்பு, நடுப்பகுதி, வெளிவிளிம்பு ஆகிய மூன்றிடங்களிலும் வெப்பநிலையை அளக்கிறார். நடுப்பகுதி மிகுதியாகச் சுட்டிருந்தால் காற்று கூடுதல். வெளிவிளிம்பு சுட்டிருந்தால் சக்கரத்தின் சாய்வை மாற்ற வேண்டும். அளவைக் குறித்துக்கொண்டு சிறிது காற்றை இறக்கிய பின், ஓட்டுநரை மீண்டும் தடத்திற்கு அனுப்புகிறார்.