பாட்டியிடம் நான் கேட்காத கேள்வி

"அப்படின்னா முதுகுல நெட்டி எடுக்கப் படிக்கிறியா?"

கைரோபிராக்டிக் படிக்கிறேன் என்றதும் உறவினர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். இறுதியாண்டுக்கு வந்த பிறகு அப்படித் தலையாட்ட முடியவில்லை.

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கிய துறை இது. முதுகெலும்பு, மூட்டுகள் தொடர்பான வலிக்குக் கைகளாலேயே சிகிச்சை அளிக்கிறோம். மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட ஏழு துறைகளில் இதுவும் ஒன்று.

நான்கு ஆண்டுப் படிப்பில் முதல் மூன்று ஆண்டுகள் உடற்கூற்றியல், நரம்பியல், எக்ஸ்ரே படங்கள் என்று ஓடின. சக மாணவர்களின் முதுகுதான் எங்கள் பயிற்சிக் களம். இறுதியாண்டில் பயிற்சிக் கிளினிக்கில் உண்மையான நோயாளிகளைப் பார்க்கிறோம். நோயாளியை விசாரித்து, பரிசோதித்து, சிகிச்சைத் திட்டம் எழுத வேண்டும். மேற்பார்வை விரிவுரையாளர் கையொப்பமிட்ட பிறகே சிகிச்சையைத் தொடங்கலாம். அந்தக் கையொப்பம் எதற்கு என்பது ஒரு பாட்டி வந்த நாளில்தான் எனக்குப் புரிந்தது. (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இடுப்பு வலி என்று பேரன் அழைத்து வந்திருந்தார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். ஆனால், இடைநிலைப்பள்ளிக்குப் பிறகு எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். எங்கள் விசாரணைப் படிவமும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா, தொடையிடுக்கில் உணர்வு குறைந்துள்ளதா என்ற கேள்விகள் வந்தபோது எனக்குத் தமிழ் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. பேரனைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றார். 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். திட்டமும் எழுதி முடித்தேன்.

விரிவுரையாளர் படிவத்தைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. "இதைப் பாட்டியிடம் கேட்டாயா, பேரனிடம் கேட்டாயா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பேரனைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பாட்டியின் அருகில் உட்கார்ந்தேன். "பாட்டி, ஒண்ணுக்கு சரியா போகுதா? உட்காருற இடத்துல மரத்துப்போன மாதிரி இருக்கா?"

பாட்டி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாளா வர்ற மாதிரி இருக்கு, வரமாட்டேங்குதும்மா. கழுவும்போது கை பட்டாக்கூடத் தெரியல. இதையெல்லாம் பேரன்கிட்டயா சொல்றது?"

தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே நரம்புகள் குதிரை வால் போலக் கொத்தாக இறங்குகின்றன. அந்தக் கொத்து நசுங்கும்போது தெரியும் அறிகுறிகள் இவை. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடும் கால் பலமும் நிரந்தரமாகப் போய்விடலாம். அந்த நிலையில் முதுகெலும்பை அழுத்திச் சிகிச்சை செய்யவே கூடாது. நான் எழுதிய திட்டமோ அதையேதான் செய்யச் சொன்னது.

விரிவுரையாளர் உடனே பரிந்துரைக் கடிதம் எழுதினார். பாட்டி அங்கிருந்து நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார். அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்தது. சில வாரங்களுக்குப் பிறகு பேரன் கிளினிக்கிற்கு அழைத்து, பாட்டி ஊன்றுகோலுடன் நடக்கிறார் என்று சொன்னார். எனக்கு நிம்மதிதான். ஆனாலும் அந்த 'இல்லை' இன்னும் உறுத்துகிறது.

இப்போது ஒரு சிறிய குறிப்பேடு வைத்திருக்கிறேன். குடைச்சல், குத்தல், இழுப்பு, எரிச்சல், மதமதப்பு என்று நோயாளிகள் சொல்லும் வலிச் சொற்களை எழுதி வைக்கிறேன். பாட்டியிடம் கேட்ட இரண்டு கேள்விகள்தான் அதன் முதல் பக்கம்.

நண்பர்களே, தாத்தா பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். மொழி தெரியாத இடத்தில் அவர்களுக்காகப் பேசுங்கள். ஆனால், அவர்களைக் கேட்காமல் பதில் சொல்லாதீர்கள். சில கேள்விகளுக்கு நீங்கள் அறையைவிட்டு வெளியே நிற்பதுதான் உதவி.