எல்.எல்.ஆர். டெஸ்டுக்கு போறீங்களா? மனப்பாடம் வேண்டாம்... வடிவத்தை பாருங்க!

வண்டியில் 'எட்டு' போடுவதைக்கூட நாலு நாள் மைதானத்தில் சுற்றினால் பழகிவிடலாம். ஆனால் அதற்கு முன்னாடி எல்.எல்.ஆர். வாங்க கம்ப்யூட்டரில் கேள்விக்கு பதில் சொல்லணுமே... அதை நினைத்தால்தான் பலருக்கு உதறல். "பதில் லிஸ்ட் எங்கேயாவது கிடைக்குமா?" என்று அலைகிறார்கள். லிஸ்ட்டே தேவையில்லை. விஷயம் புரிந்தால் போதும்.

என்ன கேட்பாங்க?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, கேள்விகள் 4 விஷயங்களில் இருந்து வரும். சாலை சின்னங்கள்-சிக்னல்-சாலை விதிகள், விபத்து நடந்தால் டிரைவரின் கடமை, ஆளில்லா ரெயில்வே கேட்டை கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். 60 சதவீதம் சரியாக இருந்தால் பாஸ். 10 கேள்வி என்றால் 6 சரியாக இருக்கணும். தமிழிலேயே எழுதலாம். தவறினால் மறுபடி கட்டணம் கட்டி எழுதலாம்.

வட்டமா, முக்கோணமா?

பலர் கோட்டை விடுவது சின்னங்களில்தான். முதலில் வடிவத்தை பாருங்கள்.

சிவப்பு வட்டம் என்றால் கட்டுப்பாடு அல்லது 'செய்யாதே'. நீல வட்டம் என்றால் 'கட்டாயம் செய்'. சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம் எச்சரிக்கை. வளைவு, குறுகிய பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் இதில் வரும். நீல செவ்வகம் என்றால் தகவல். ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் போன்றவை.

இரண்டு மட்டும் தனி. எட்டு மூலை சிவப்பு பலகை 'நில்'. தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'.

குழப்புவது எது தெரியுமா? நீல வட்டத்தில் சிவப்பு கோடு ஒன்று இருந்தால், வண்டியை 'பார்க்கிங்' செய்யக்கூடாது. அதுவே பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு இருந்தால், நிறுத்தவே கூடாது.

மஞ்சள் விழுந்தா?

"மஞ்சள் விழுந்தா ஆக்சிலேட்டரை முறுக்கு" என்பதுதான் நம்ம ஊர் பழக்கம். விதி அது இல்லை. கோட்டுக்கு முன்னால் நிற்கணும். சட்டென்று பிரேக் போட முடியாத அளவுக்கு கோட்டை நெருங்கியவர்கள் மட்டுமே கடக்கலாம். சிக்னல் இல்லாத சந்திப்பில், வலப்பக்கம் இருந்து வரும் வண்டிக்கு வழி விடணும்.

விபத்து என்றால்...

அடிபட்டவருக்கு முதலில் மருத்துவ உதவி. போலீஸ் அங்கே இல்லாவிட்டால் பக்கத்து ஸ்டேஷனில் சீக்கிரமாக, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லணும். ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்தணும். கூட இருப்பவரோ, தனியாக வந்தால் டிரைவரோ இறங்கிப்போய், ரெயில் வரவில்லை என்று பார்த்த பிறகே கடக்கணும்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகை சான்று ஆகிய நான்கும் கையில் இருக்கணும்.

எல்.எல்.ஆர். கிடைச்சாச்சா?

6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்டுக்கு போகலாம். அதுவரை முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' போர்டு, கூடவே லைசென்ஸ் உள்ள ஒருவர் கட்டாயம்.

"பையன் தெருமுனை வரைக்கும்தானே போறான்" என்று வண்டிச்சாவியை கொடுக்கும் பெற்றோர் கவனத்துக்கு: 18 வயது ஆகாத, லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டி ஓட்டி சிக்கினால், 2019 சட்டத்திருத்தப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சும் கிடைக்காது.

யாராவது பதில் சொல்லிக்கொடுத்து டெஸ்டில் பாஸ் ஆகிவிடலாம். ஆனால் ராத்திரி நேரத்தில் வளைவில் எதிரே லாரி வரும்போது, பதில் சொல்ல அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்!