புற்றில் பூக்கும் காளான்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கறையான் புற்றுகளின் அருகே வெண்ணிறக் குடைகள் கூட்டமாக விரிந்திருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். புற்றுக் காளான் என்பது இதுவே. மலாய் மொழியில் இதனைச் 'செண்டாவான் பூசுட்' என்பர்.

கறையானையும் காளானையும் நம் முன்னோர் சேர்த்தே கண்டுள்ளனர். வறியவர் அடுக்களையில் கறையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருந்ததைச் சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. புற்றுக் காளான் வகைகளுள் ஒன்றாகிய 'டெர்மிட்டோமைசெஸ் ஹெய்மி' என்பதை 1979ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் நடராஜன் ஆவார்.

இதன் தோற்றத்தைக் காண்போம். குடையின் நடுவில் சற்றே கருத்த, கூரிய முகடு ஒன்று இருக்கும். கெட்டியான மண்ணைத் துளைத்து மேலே வர அம்முகடு துணை செய்கின்றது. குடையின் அடியில் மெல்லிய தகடுகள் வெண்மையாக நெருங்கி நிற்கும். தண்டு தரையோடு முடிவதில்லை. வேர்போல் நீண்டு நிலத்தடிக் கூடுவரை இறங்கும்.

அக்கூட்டினுள் நடப்பது ஒரு வேளாண்மையே. கறையான்கள் உலர்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அதன் கழிவைக் கொண்டு கடற்பஞ்சு போன்ற பாத்திகளை அமைக்கின்றன. அவற்றில் பூஞ்சை வளர்ந்து, மரத்தின் கடினமான பகுதியை மென்மையாக்குகின்றது. ஜவ்வரிசி போன்ற வெண்மணிகளும் அதில் உண்டாகின்றன. அம்மணிகளும் பதப்பட்ட பாத்தியும் கறையான்களுக்கு உணவாகும். மழையால் மண் நனைந்ததும் அப்பூஞ்சையே காளானாக மேலெழுகின்றது. ஆகவே, புற்றை வெட்டி அழித்தால் அடுத்த மழைக்கு அங்கே காளான் இராது.

இங்கே நாம் மிகவும் விழிப்பாக இருத்தல் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்பகுதிகளிலும் தோட்டங்களிலும் உள்ள புல்தரைகளில் இதைப் போன்றே வெண்குடை விரிக்கும் நச்சுக் காளான் ஒன்று உண்டு. அதன் குடைமீது பழுப்புநிறச் செதில்கள் காணப்படும். தகடுகள் முதலில் வெண்மையாக இருந்து, முற்றியபின் பச்சை நிறமாகும். தண்டில் வளையம் இருக்கும். ஆனால் புற்றுக் காளானிலும் வளையம் இருப்பதுண்டு. இளம்பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது அரிது. நச்சுக் காளானை உண்டவர்க்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். உடலின் நீர் வற்றுவதால் சிறுவர்களுக்கு அது பேராபத்தாகும்.

வெள்ளிக் காசையோ பூண்டையோ உடன் இட்டு வேகவைத்தால் நஞ்சு தெரிந்துவிடும் என்பர் சிலர். பூச்சி அரித்த காளான் நல்லது என்பர் வேறு சிலர். இவை யாவும் தவறான நம்பிக்கைகளே. பூச்சிக்குக் கேடு செய்யாதது நமக்குக் கேடு செய்யலாம்.

எனவே மாணவர்களே, காட்டுக் காளானைக் கண்டால் கண்ணால் பார்த்து மகிழுங்கள், பறித்து வாயிலிடாதீர்கள். பெற்றோர்களே, நன்கறிந்த பெரியவர் உறுதி கூறாத காளானைச் சமைக்காதீர்கள். சிறிது ஐயம் எழுந்தாலும் எறிந்துவிடுங்கள். உண்டபின் எவர்க்கேனும் வாந்தி கண்டால், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். அறிந்து உண்போம்; நலமுடன் வாழ்வோம்.