வைத்தியர் வாக்கும் வீரர் மானமும்

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பூட்டும், தோலும், புகையிலையும் விற்றுப் பெயர் பெற்ற திண்டுக்கல் நகரம், சில ஆண்டுகளாகக் கிரிக்கெட் பந்தயத்தினாலும் பெயர் பெற்று வருகிறது. 2016-ம் ஆண்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, நத்தத்திலுள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம் பந்தயக் களங்களில் ஒன்றாயிற்று. ஓர் அணியும் திண்டுக்கல்லின் பெயரைத் தரித்துக்கொண்டது. அந்த அணிக்குத் தலைமை தாங்கி, 2024-ம் ஆண்டில் வெற்றிக் கோப்பையையும் பெற்றுத் தந்தவர் ஸ்ரீ ரவிச்சந்திரன் அஸ்வின். அவரைக் குறித்து நம் வாலிபர்கள் சொல்லும் கதைகளில் தலைமையானது, அவர் வீழ்த்திய 537 டெஸ்ட் விக்கெட்டுகளைப் பற்றியதன்று. முதுகு நிமிராத ஒரு நாளில் அவர் மட்டையைப் பிடித்து நின்றதைப் பற்றியது.

அந்த நாள் 2021 ஜனவரி 11. இடம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம். முதல் நாளிரவு கடும் முதுகு வலியுடன் படுத்தவர், காலையில் நேராக நிற்க முடியாமல் தவித்தாரென்றும், காலணியின் நாடாவைக் கட்டக்கூடக் குனிய முடியவில்லையென்றும் அவருடைய மனைவியாரே அன்று மாலை பகிரங்கமாகத் தெரிவித்தார். 272 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் விழுந்த நிலையில் அஸ்வின் களத்தில் இறங்கினார். மறுமுனையில் நின்ற ஹனுமா விஹாரிக்கோ தொடைத் தசை அறுந்து ஓட்டமே இல்லை. இவ்விருவரும் 42 ஓவர்களுக்கு மேல் நின்றார்கள். அஸ்வின் 128 பந்துகளில் 39; விஹாரி 161 பந்துகளில் 23. தோற்றுவிட்டதாகக் கருதப்பட்ட பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தேசமெங்கும் ஜனங்கள் ஆனந்தித்தார்கள். நாமும் ஆனந்தித்தோம்.

ஆயினும், அந்த ஆனந்தம் தணிந்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வைத்தியரும் உடலும் ‘போதும்’ என்று எச்சரிக்கும்போது, ஆட்டக்காரர் ‘ஆடியே தீருவேன்’ என்று சொல்வது எப்போது வீரம், எப்போது அவிவேகம்? அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு யாருடையது? இக்கேள்வி சிட்னியில் ஆடுவோருக்கு மட்டும் உரியதன்று. வேடசந்தூரிலும், வடமதுரையிலும், நிலக்கோட்டையிலும், ஒட்டன்சத்திரத்திலும் அறுவடை முடிந்த நிலங்களில் கபடி ஆடுகின்ற ஆயிரக்கணக்கான வாலிபர்களுக்கும், அவர்களை ஆட வைக்கின்ற நமக்கும் உரியது.

வலி வேறு, ஆபத்து வேறு

முதலில் ஒரு பேதத்தைத் தெளிவாகக் கண்டுகொள்ள வேண்டும். முதுகு வலித்தால் மனிதன் சகிக்கலாம்; தசை அறுந்தால் சில வாரங்களில் கூடும். 2002 மே மாதத்தில் ஆன்டிகுவா தீவில் அனில் கும்ப்ளேக்குத் தாடை எலும்பு முறிந்தது. முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் 14 ஓவர்கள் பந்து வீசினார். பிரையன் லாராவையும் வீழ்த்தினார். பிறகு சிகிச்சைக்காகப் பெங்களூர் திரும்பினார். இவற்றில் பணயமாக வைக்கப்பட்டது வலியும், சில காலத்து ஓய்வும். அறிவு முதிர்ந்த ஒருவர், விளைவுகளை அறிந்தே அவற்றைப் பணயம் வைப்பாரானால், அதைத் தடுக்க நமக்கு அதிகாரமில்லை. அது அவருடைய தேகம், அவருடைய தொழில்.

உயிரே பணயமாகும் இடம் வேறு. அதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2011-ம் ஆண்டு உலகக் கோப்பைப் பந்தயங்களில் யுவராஜ் சிங் 362 ஓட்டங்கள் எடுத்து, 15 விக்கெட்டுகளையும் வீழ்த்தி, பந்தயத் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மார்ச் 20-ந் தேதி சென்னைச் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113 ஓட்டங்கள் எடுத்த அன்று, அவர் களத்திலேயே வாந்தியெடுத்தார். வெயிலின் கொடுமை என்று பார்த்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் அவருடைய மார்பினுள் இரு நுரையீரல்களுக்கும் நடுவே புற்றுநோய்க் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

கட்டி இருப்பது தெரிந்த பிறகும் அவருக்கு ஆட்டத்தை விட மனமில்லை. டெஸ்ட் அணியில் நிலையான இடத்திற்காக அவர் பல ஆண்டுகள் காத்திருந்தவர். அந்த இடத்தை இழந்துவிடுவோமே என்ற அச்சம் அவரைப் பிடித்திருந்தது. கட்டி இதயத்தை நெருக்குகிறது, சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்ததையும், தாம் அப்போதும் ஆஸ்திரேலியப் பயணத்தையே நினைத்துக்கொண்டிருந்ததையும் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2011 நவம்பரில்கூட அவர் இரண்டு டெஸ்ட் பந்தயங்கள் ஆடினார். கடைசியில் வைத்தியர் வாக்கே வென்றது. 2012-ல் அமெரிக்கா சென்று சிகிச்சை பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் 11-ந் தேதி அதே சேப்பாக்கத்தில் மீண்டும் இந்திய அணியின் சட்டையணிந்து களமிறங்கினார். அன்று இந்தியா 1 ஓட்டத்தில் தோற்றது. அந்தத் தோல்வியை எவர் பொருட்படுத்தினார்? பிழைத்து வந்தவரைக் காணவே ஜனங்கள் கூடியிருந்தார்கள்.

பிடிவாதம் இன்னும் சில மாதங்கள் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. காமரூன் தேசத்துக் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ, சில தினங்கள் வயிற்றுப்போக்கினால் நலிந்திருந்தும், 2003 ஜூன் 26-ந் தேதி பிரான்ஸ் நாட்டின் லியான் நகரில் ஆட இறங்கினார். களத்தின் நடுவே சாய்ந்தவர் பிறகு எழவில்லை. அவருடைய இதயத் தசை பிறவியிலேயே தடித்திருந்தது என்பது அவர் இறந்த பின்னரே உலகுக்குத் தெரிந்தது.

தடையல்ல, நிபந்தனை

இப்படியானால் வைத்தியரின் எச்சரிக்கை கிடைத்த எவரும் ஆட்டத்தைத் துறந்து வீட்டில் முடங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குக் கிறிஸ்டியன் எரிக்சனின் சரித்திரமே பதில். 2021 ஜூன் 12-ந் தேதி கோபன்ஹேகன் நகரில் பின்லாந்துக்கு எதிராக ஆடுகையில் அந்த டென்மார்க் வீரரின் இதயம் நின்றுவிட்டது. உடனே மார்பை அழுத்தும் முதலுதவியும், இதயத்திற்கு மின்னதிர்ச்சி தரும் கருவியும் கிடைத்தமையால் உயிர் திரும்பிற்று. இதயத்தைக் காக்கும் சிறு கருவியொன்று அவர் உடலுக்குள் பொருத்தப்பட்டது. அந்தக் கருவியுடன் ஆட இத்தாலியின் விதி இடம் தரவில்லை. ஆகவே மிலான் நகரத்து இன்டர் சங்கத்திலிருந்து அவர் விலகினார். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட தடை இல்லை. நிபுணர்களின் பரிசோதனைகளுக்குப் பின், 2022-ன் தொடக்கத்தில் பிரென்ட்ஃபோர்டு சங்கத்தில் சேர்ந்து மறுபடி ஆடினார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் தம் தேசத்துக்காகக் கோலும் அடித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், எரிக்சன் வைத்தியரைப் புறக்கணித்து ஆடவில்லை. வைத்தியரைத் துணைக்கொண்டு ஆடினார். நன்கு கேட்டறிந்த எச்சரிக்கை ஒரு நிபந்தனையாகிறது; கேளாது ஒதுக்கிய எச்சரிக்கை சில வேளைகளில் மரண சாசனமாகிவிடுகிறது.

இத்தாலியின் கண்டிப்புக்கும் காரணம் இருக்கிறது. பந்தயங்களில் ஆடுவோர் யாவரும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமென்று அந்நாடு 1982-ல் விதித்தது. அதன் வெனெட்டோ மாகாணத்தில், பந்தய வீரர்களிடையே நேர்ந்த திடீர் இதய மரணம், சுமார் 25 ஆண்டுக் காலத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்ற அளவிலிருந்து 0.4 ஆகக் குறைந்ததென்று 2006-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. இஸ்ரேலில் இதே மாதிரியான சட்டம் அத்தகைய பயனைத் தரவில்லை என்று பின்னர் வேறோர் ஆராய்ச்சி கூறியது. நிபுணர்களின் வாதம் நடக்கட்டும். களத்தில் ஒருவர் சாய்ந்தபின் மின்னதிர்ச்சிச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் அவர் பிழைக்கும் வாய்ப்பு 100-க்கு 7 முதல் 10 வரை குறைகிறது என்பதில் அபிப்பிராய பேதமில்லை.

நம் ஊர்க் களங்கள்

இனி நம் திண்டுக்கல் சமவெளிக்குத் திரும்புவோம். ஜல்லிக்கட்டு நடக்கும் ஊர்களில், மாடுபிடி வீரர் களத்தில் இறங்குமுன் வைத்தியர் அவரைப் பரிசோதித்தாக வேண்டுமென்பது அரசாங்கத்தின் நெறிமுறை. தகுதியற்றவர் என்று வைத்தியர் சொன்னால் அவர் இறங்க முடியாது. மருத்துவ வண்டியும் அருகில் நிற்க வேண்டும். இந்த ஒழுங்கு தானாக வந்ததன்று. பல ஆண்டு வழக்குகளுக்கும், கிளர்ச்சிக்கும், 2017-ம் ஆண்டுச் சட்டத்திருத்தத்திற்கும் பின் வந்தது. காளையின் கொம்புக்கு முன்னே நிற்கும் வாலிபருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால், அதே ஊரில், அதே பொங்கல் வாரத்தில், மின்விளக்கின் கீழே விடிய விடியக் கபடி ஆடுகிற வாலிபரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பவர் எவர்? ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டங்கள். மூச்சடக்கிப் பாடிச் செல்வதும், நெஞ்சின் மேல் ஐந்தாறு பேர் விழுவதும் சகஜம். 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கத்து ஊரொன்றில், கபடிக் களத்திலேயே ஒரு கல்லூரி மாணவர் உயிர் நீத்தார். தமிழ்நாடு முழுவதும் அந்தக் காட்சியைக் கண்டு கலங்கிற்று. கலங்கியதோடு நின்றுவிட்டது.

இந்தப் போட்டிகளை நடத்துகிறவர்கள் யார்? இளைஞர் மன்றங்களும், ரசிகர் மன்றங்களும், எல்லாக் கட்சிகளின் கிளைகளும்தாம். தலைவரின் பிறந்த நாளுக்குக் கோப்பை வைப்பவர்களும், சுழற்கேடயத்தில் பெயர் பொறிப்பவர்களும் இப்பத்தியைப் படிக்கும் நேயர்களிலேயே பலர் இருப்பார்கள். அவர்களை நாம் பணிவுடனும் உறுதியுடனும் கேட்டுக்கொள்வது இது: பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை வைத்தியருக்கும் முதலுதவிக்கும் ஒதுக்குங்கள். ஆடுவோரை முன்னதாகவே பரிசோதிக்கச் செய்யுங்கள். மார்பு வலி, மயக்கம், ஜுரம் உள்ளவனைக் களத்தில் இறக்காதீர்கள். அவனே கெஞ்சினாலும் இறக்காதீர்கள். மார்பை அழுத்தும் முதலுதவியைக் கற்ற இருவர் ஒவ்வொரு களத்திலும் நிற்கட்டும். கற்பதற்கு ஒரு நாள் போதும். திண்டுக்கல்லில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் ஆசிரியர்களையும் மாணவர்களையும் அணுகி ஊர்தோறும் பயிற்சி கேட்பது நிர்வாகஸ்தர்களின் கடமை.

இடம் பறிபோகும் அச்சம்

எனினும் விதி மட்டும் போதாது. எச்சரிக்கையை மீறி வாலிபர்கள் ஏன் ஆடுகிறார்கள்? ஒரு நாள் ஒதுங்கினால் தன் இடம் பிறனுக்குப் போய்விடும் என்ற அச்சமே பெரும்பாலும் காரணம். யுவராஜ் சிங் போன்ற பிரசித்தர்க்கே அந்த அச்சம் இருந்ததென்றால், கபடித் திறமையை நம்பி ரயில்வேயிலோ போலீஸிலோ ஓர் உத்தியோகத்தை எதிர்நோக்கும் ஏழை வீட்டுப் பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டுமா? நோயினால் ஒதுங்கியவன், குணமானதும் தன் இடத்திற்கே திரும்பலாமென்ற உறுதியை ஸ்தாபனங்கள் அளிக்க வேண்டும். அந்த உறுதி இல்லாதவரை, ‘அவனே விரும்பி ஆடினான்’ என்று சொல்வது நியாயமாகாது. பசியும் பயமும் பிடித்துத் தள்ளும்போது விருப்பம் எங்கே இருக்கிறது?

ஒருவர் ஒதுங்கினால் அணி அழிந்துவிடும் என்பதும் பொய். சிட்னிப் பந்தயத்தின் மறுபகுதியை நாம் மறந்துவிடுகிறோம். அதற்கடுத்த பிரிஸ்பேன் பந்தயத்தில் அஸ்வினும் ஆடவில்லை, விஹாரியும் ஆடவில்லை. இருவர் உடலும் இடங்கொடுக்கவில்லை. அஸ்வினின் இடத்தில் வாஷிங்டன் சுந்தர் இறங்கி, முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுகளும் 62 ஓட்டங்களும் எடுத்தார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும் அதே பந்தயத்தில்தான் முதன்முறை டெஸ்ட் ஆடினார். ஜனவரி 19-ந் தேதி இந்தியா வென்றது, தொடரையும் கைப்பற்றியது. வீரர் நின்றது ஒரு பந்தயத்தைக் காத்தது. வீரர் ஒதுங்கியது அடுத்ததைக் கெடுத்துவிடவில்லை.

கடைசியாக, பத்திரிகை நடத்துவோராகிய நாமும் குற்றவாளிகளே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுப் போட்டுக்கொண்டு ஆடியவரின் படத்தை முதற்பக்கத்தில் போடுகிறோம். வைத்தியர் சொற்கேட்டு ஓய்ந்திருந்தவருக்கு உள்பக்கத்தில் இரண்டு வரிகள். ‘தேசத்துக்காக உயிரையும் கொடுப்பான்’ என்று எழுதுவது நமக்கு எளிது. தேசத்தின் பொருட்டு உயிர் கொடுக்க வேண்டிய காலங்கள் வந்ததுண்டு; கொடுத்தவர்களை நாம் தொழுகிறோம். ஆனால் பந்தயம் யுத்தமன்று. ஒரு கோப்பைக்காகத் தன் மகன் மார்பு வெடித்துச் சாக வேண்டுமென்று எந்தத் தேசமாதாவும் கேட்டதில்லை.

அஸ்வின் சிட்னியில் நின்றதைப் போற்றுவோம். அடுத்த பந்தயத்தில் அவர் ஒதுங்கியிருந்ததையும் அதே குரலில் போற்றுவோம். வருகிற தையில் திண்டுக்கல் வட்டாரத்தில் கோப்பை வைக்கப் போகும் ஒவ்வொரு மன்றமும் முதலில் வைத்தியரை அழைக்கட்டும், பிறகு விளம்பரத் தட்டியை எழுதட்டும். ஆட வந்த பிள்ளை தோற்றாலும் ஜயித்தாலும் விடியற்காலையில் தன் தாயின் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வர வேண்டும்.